அப்பத்தாவின் கணக்கு

கண்ணுடைய நாயகி கோயில் கொண்ட எங்கள் நாட்டரசன்கோட்டையில் கண் நோய் தீர வேண்டிக்கொள்வோர் பலர். இரத்தக் கொதிப்பு விழித்திரையையும் கெடுக்கும் என்றறிந்தவர் சிலரே.

வீட்டுக் கருவி எங்கள் அப்பத்தாவுக்கு 168 என்றது; பத்து நிமிடத்தில் 142 என்றது. வீடே கலங்கிற்று. "கூடுனா ரெண்டு மாத்திரை போடுறேன், கொறைஞ்சா எதுக்குடா போடணும்?" என்றார் அப்பத்தா. எண்ணைவிட இந்தக் கணக்குதான் என்னை அச்சுறுத்தியது.

இரத்த அழுத்தம் நொடிக்கு நொடி மாறுவது. காப்பி குடித்த சூட்டோடு, பேசிக்கொண்டே, கையைத் தொங்கவிட்டு அளந்தால் ஏறத்தான் செய்யும். (கருவியைத் தட்டிப் பார்த்த சித்தப்பாவும் உண்டு!) காப்பி குடித்து அரைமணி கழிந்தபின், ஐந்து நிமிடம் சாய்ந்தமர்ந்து, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, இருமுறை அளக்கவேண்டும். ஒரு வாரம் காலை மாலை குறித்த சராசரி 135/85-ஐ எட்டினால் மருத்துவரிடம் காட்டவேண்டும். 180/120-ஐத் தாண்டி நெஞ்சுவலியோ பேச்சுக் குழறலோ கண்டால் உடனே மருத்துவமனைதான்.

2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வாசலுக்கே கொணர்ந்தது. அளக்கும் முறையை வீட்டாருக்குச் சொல்லும் கடன் படித்த நம்முடையதன்றோ, நண்பர்களே?

அப்பத்தாவின் ஏழு நாள் சராசரி 146/88. அந்தத் தாளோடு போனோம். மருத்துவர் மாத்திரையின் அளவை மாற்றித் தந்தார்.