கதிரியக்கச் சிகிச்சையும் இதயத்தின் பாதுகாப்பும்

இலங்கைப் பெண்களை அதிகம் பாதிப்பது மார்பகப் புற்றுநோயாகும். நுவரெலியா, ஹட்டன் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்களோ, அந்நகரங்களில் வாழும் தமிழ், முஸ்லிம் பெண்களோ இதற்கு விதிவிலக்கல்லர். கதிரியக்கச் சிகிச்சை தேவைப்படுவோர் கண்டிக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ செல்கின்றனர். வாரத்தில் ஐந்து நாட்கள் வீதம் சில வாரங்கள் தொடரும் இச்சிகிச்சை உயிரைக் காக்கின்றது. எனினும் அதன் பின்விளைவொன்று இதயத்தில் ஆண்டுக்கணக்கில் மறைந்திருக்கக்கூடும் என்பதைப் பலர் அறியார்.

இடது மார்பகத்துக்குக் கதிர் செலுத்தும்போது இதயமும் ஓரளவு கதிரைப் பெறுகின்றது. அதனால் குருதிக் குழாய்களின் உட்சுவர் பாதிப்புற்று, காலப்போக்கில் அவை ஒடுங்கலாம். சுவீடன், டென்மார்க் நாடுகளில் 1958 முதல் 2001 வரை சிகிச்சை பெற்ற பெண்களைப் பற்றிய ஆய்வு 2013 இல் வெளியானது. இதயம் பெறும் சராசரிக் கதிரளவு ஒரு கிரே கூடும்போது, மாரடைப்பு போன்ற பாரிய பாதிப்புகள் 7.4 சதவீதம் அதிகரிப்பதை அது காட்டியது. இந்த ஆபத்து முதல் ஐந்து ஆண்டுகளுக்குள் தொடங்கி, குறைந்தது இருபது ஆண்டுகள் நீடிக்கின்றது.

மருந்தினால் இதனைத் தடுக்க இயலுமா? கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகளும் சில இரத்த அழுத்த மருந்துகளும் ஆராயப்பட்டு வருகின்றன. கதிர்த் தாக்கத்திலிருந்து உடற்கலங்களைக் காக்கும் அமிபொஸ்டீன், தலை, கழுத்துச் சிகிச்சையில் வாய் உலர்வதைக் குறைக்க 1999 இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. ஆயினும் கதிரிலிருந்து இதயத்தைக் காப்பதற்கென உறுதிப்படுத்தப்பட்ட மருந்து எதுவும் இன்னும் இல்லை. ஆகவே விளம்பரங்களை நம்பி மாத்திரைகளையோ மூலிகைகளையோ வாங்கி ஏமாறக்கூடாது. பயந்து சிகிச்சையைக் கைவிடுவதோ அதனிலும் பெரிய ஆபத்தாகும்.

கதிரளவைக் கவனமாகத் திட்டமிடுவதும், மூச்சை ஆழ இழுத்து நிறுத்தி இதயத்தை மார்புச் சுவரிலிருந்து விலகச் செய்யும் முறையும் இன்று கைகொடுக்கின்றன. அதன்பின் இரத்த அழுத்தம், நீரிழிவு, கொழுப்பு ஆகியவற்றை மருந்தினால் கட்டுப்படுத்துவது எளிமையான, பயன்மிக்க பாதுகாப்பாகும்.

தோட்டப் பெண்ணுக்கு அரிதாயிருப்பது இத்தொடர் கவனிப்பே. ஒரு நாள் கிளினிக் என்பது அவளுக்கு ஒரு நாள் சம்பள இழப்பாகும். பத்தாண்டுகளின் பின் மூச்சு வாங்குகின்றது என்று தோட்ட வைத்தியசாலைக்கு வருபவள், முன்னர் கதிரியக்கச் சிகிச்சை பெற்றவள் என்பதை அங்குள்ளவர்கள் எவ்வாறு அறிவர்?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் எப்பக்கம், எவ்வளவு கதிர், எவற்றைக் கவனிக்க வேண்டும் என்பன தமிழிலும் எழுதிய அட்டையொன்று வழங்கப்பட வேண்டும். நுவரெலியா, டிக்கோயா வைத்தியசாலைகளில் இவர்களுக்கான இதயப் பரிசோதனையை ஒழுங்கு செய்ய வேண்டும். அந்நாளுக்குச் சம்பளத்துடனான விடுமுறை வழங்கத் தோட்ட நிர்வாகங்கள் முன்வர வேண்டும். புற்றுநோயிலிருந்து மீட்ட உயிரை மாரடைப்புக்குப் பறிகொடுப்பது நியாயமாகாது. சுகாதார அமைச்சும் மலையக மக்கள் பிரதிநிதிகளும் இதில் கவனம் செலுத்துவார்களென எதிர்பார்க்கின்றோம்.