சுருள் விளக்கை நம்பாதீர்கள்



மார்கழி பிறந்தால் நமக்கு வரும் கடிதங்களில் ஒரு ரகம் கூடிவிடும். கோவையில் ஒரு தொல்லையும் தராத டீசல் கார், ஊட்டியில் ஓர் இரவு நின்றதும் காலையில் முரண்டு பிடிக்கிறது. செல்ஃப் எடுக்கிறது, வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. பின்னால் வெள்ளைப் புகை, பச்சை டீசல் வாடை. புது பேட்டரி போட்டும் அதே கதை. தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட இந்தப் பக்கத்திலேயே பேசிவிடலாம் என்று தோன்றியது.

முதலில், ஊட்டியைத் திட்ட வேண்டாம். பழுது அநேகமாகக் கோவையிலேயே வந்துவிட்டது. டீசல் என்ஜினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பதினாறில் ஒரு பங்காக, சில என்ஜின்களில் இருபதில் ஒரு பங்காக அமுக்கி, அந்தச் சூட்டில்தான் டீசல் பற்றுகிறது. சமவெளி வெயிலுக்கு அந்தச் சூடே போதும். குளிரில் அதற்குக் கைகொடுப்பதுதான் சிலிண்டருக்குள் சூடேறும் ஹீட்டர் பிளக். நான்கு ஹீட்டர் பிளக்கும் செத்திருந்தாலும் வண்டி லேசாக இருமிவிட்டு ஓடும், ஓட்டுகிறவருக்குத் தெரியவே தெரியாது. ஊட்டியின் குளிர்கால இரவுகளில் வெப்பம் பூஜ்யத்தை ஒட்டி இறங்கும். ஆயில் கெட்டிப்பட்டு செல்ஃப் மெதுவாகச் சுற்றும். போதாததற்கு 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே சமவெளியில் இருப்பதில் முக்கால் பங்குதான். அமுக்கக் கிடைக்கும் காற்றே குறைவு. அப்போதுதான் ஹீட்டர் பிளக்கின் குட்டு வெளிப்படுகிறது.

‘மீட்டர் போர்டில் ஹீட்டர் பிளக்கின் சுருள் விளக்கு எரிந்து ஒழுங்காக அணைகிறதே’ என்று பலர் எழுதுகிறார்கள். பல வண்டிகளில் அந்த விளக்குக்குத் தெரிந்ததெல்லாம் நேரக்கணக்கு மட்டும்தான். குளிரைப் பார்த்து இத்தனை விநாடி என்று வண்டியின் கணினி முடிவு செய்கிறது, விளக்கு அதைச் சொல்கிறது. பிளக் சூடேறியதா என்பது அதற்குத் தெரியாது. பிளக்குகளைத் தனித்தனியே கண்காணிக்கும் புது வண்டி என்றால் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள். பி 0671 முதல் பி 0674 வரை எது வந்தாலும், எந்த சிலிண்டரின் பிளக் சுற்று என்று அந்தக் கடைசி எண்ணே சொல்லிவிடும். (ஃபோக்ஸ்வேகன், ஸ்கோடா டீசல் வண்டிகள் சிலவற்றில், ஓடும்போது இதே விளக்கு சிமிட்டினால் பிரேக் லைட் சுவிட்சையும் பார்க்க வேண்டும். ஹீட்டர் பிளக்குக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை!)

குன்னூரில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். எடுத்தவுடன் ஸ்பேனரை அவர் தொடவில்லை. “சாவியை ஆன் பண்ணுங்க சார், செல்ஃப் அடிக்காதீங்க” என்றார். நான்கு பிளக்கையும் இணைக்கும் தகட்டில் மீட்டர் முனையை வைத்தார். பேட்டரியில் 12 வோல்ட்டை ஒட்டி இருந்தது, தகட்டில் 8 சொச்சம். பிறகு வயரைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். பட்டை ஃபியூஸின் நட்டுக்கு அடியில் வயர் முனை பச்சை பூத்துக் கிடந்தது. உப்புத்தாளால் தேய்த்து, நட்டை முறுக்கினார். அவ்வளவுதான் வேலை. வண்டிக்காரர் கையில் புது பிளக் செட்டோடு வந்திருந்தார், பாவம்.

அங்கே நடந்த கணக்கு எளிது. நான்கு பிளக்கும் சேர்ந்து சுமார் 60 ஆம்பியர் இழுக்கும்போது, வழியில் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தால் போதும், 3 வோல்ட் காணாமல் போகும். அதே வயரைக் கழற்றி வைத்து மீட்டரில் பார்த்தால் ‘பீப்’ என்று சத்தம் கொடுத்து நல்ல வயர் என்றே சொல்லும். அதனால்தான் பிளக்குகள் மின்சாரம் இழுத்துக்கொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும் என்கிறேன். அதுவும் என்ஜின் ஆறிய காலை வேளையில். சூடான என்ஜினில் ரிலே பெரும்பாலும் மின்சாரமே விடாது, நல்ல வண்டிக்கும் பழுது என்று எழுதிவிடுவோம்.

தகட்டில் சுத்தமாக வோல்ட் இல்லையா? ஃபியூஸ், பிறகு ரிலே. ரிலே ‘டக்’ என்று அடிக்கவே இல்லையென்றால் அதற்கு உத்தரவு வருகிறதா என்று பாருங்கள். குளிர்ந்த என்ஜினை 80 டிகிரி என்று கணினியிடம் பொய் சொல்லும் கூலன்ட் சென்சாரும் காரணமாகலாம்.

தகட்டில் வோல்ட் முழுதாக இருந்தால் பிளக்குகளைச் சந்தேகிக்கலாம். பழங்காலத்து வண்டிகளில் இவை திருவிழா சீரியல் விளக்கு மாதிரி. ஒன்று போனால் எல்லாம் போச்சு. இன்றைய பிளக்குகள் பேரலல். ஆகவே தகட்டைக் கழற்றாமல் அளந்தால், நல்ல பிளக் செத்த பிளக்கை மறைத்துவிடும். கழற்றிவிட்டு ஒவ்வொன்றையும் எர்த்துக்கு அளந்தால் பெரும்பாலும் 1 ஓம் பக்கம் காட்டும். மீட்டரின் இரு முனைகளையும் முதலில் ஒட்டவைத்து, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். மீட்டர் அசையவே இல்லை என்றால் பிளக் காலி.

பேட்டரியில் நேரடியாக வைத்துச் சிவக்கிறதா என்று பார்க்கும் பழைய வழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். இப்போது 5 வோல்ட்டை ஒட்டி இயங்கும் பிளக்குகள் வந்துவிட்டன. 12 வோல்ட் கொடுத்தால் கண்ணெதிரே கருகிவிடும். ஸ்டார்ட்டிங் ஸ்பிரேயும் வேண்டாம், சூடான பிளக் இருக்கும் என்ஜினில் அது தீயை வரவழைப்பது. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால், துரு இளக்கும் எண்ணெய் விட்டு, என்ஜினை வெதுவெதுப்பாக்கி, பொறுமையாகக் கழற்றச் சொல்லுங்கள். பிளக் உள்ளே முறிந்தால் ஹெட்டையே இறக்க வேண்டி வரலாம்.

இனி இந்தத் தொல்லை பற்றி எழுதுகிறவர்கள் வண்டியின் மாடல், ஆண்டு, காலையில் தகட்டில் வந்த வோல்ட் மூன்றையும் குறிப்பிட்டு எழுதுங்கள். ‘ஸ்டார்ட்டிங் டிரபிள்’ என்று ஒரே வரியில் வரும் அஞ்சலட்டைக்கு எங்கள் தொழில்நுட்ப ஆலோசகரால் என்ன பதில் சொல்ல முடியும்?

அன்புடன்,
ஆசிரியர்