எரிந்த காடும் எரியப்போகும் காடும்

நாட்டின் காட்டுப் பரப்பில் 21.40 விழுக்காடு தீ அபாயம் மிகுந்தது என்றது 2019-ஆம் ஆண்டின் வன நிலை அறிக்கை. டேராடூனில் இயங்கும் இந்திய வன அளவை நிறுவனம் நாட்டை ஐந்து கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்து, 2004 முதல் எந்தக் கட்டத்தில் எத்தனை முறை தீப் பிடித்தது என்று செயற்கைக்கோள் பதிவுகளைக் கொண்டு எண்ணியது. அடிக்கடி எரிந்திருந்தால் அபாயம். எரியாதிருந்தால் அபாயம் குறைவு.

சிக்கல் இங்கேதான். பல ஆண்டுகள் தீயே படாத இலையுதிர் காட்டில் சருகும் காய்ந்த புல்லும் உண்ணிச்செடிப் புதரும் சேர்ந்துகொண்டே போகும். இந்தக் கணக்கில் வரைந்த வரைபடம் அதைப் பாதுகாப்பான கட்டமாகக் காட்டும். ஒரு மார்ச் மாதக் காற்றில் அதுதான் மரத்தின் உச்சிவரை எரியும். கடந்தகாலத் தீயை எண்ணும் கணக்கில், தரையில் எவ்வளவு எரிபொருள் கிடக்கிறது என்பது வருவதேயில்லை.

தீ மூண்ட பிறகு நம்மிடம் கண்கள் இருக்கின்றன என்பது உண்மை. செயற்கைக்கோள் எச்சரிக்கை வனச்சரகரின் கைப்பேசிக்கே வந்துவிடுகிறது. ஆனால் அது காட்டும் ஒரு புள்ளி, 375 மீட்டர் சதுரம்; ஏறத்தாழ 35 ஏக்கர். செயற்கைக்கோளும் ஒரு நாளில் சில முறைதான் தலைக்கு மேல் கடக்கும். சரிவான புல்வெளியில் மேல்நோக்கி ஓடும் தீ அதற்காகக் காத்திருக்காது. 2018 மார்ச் 11 அன்று குரங்கணியில் மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது அத்தகைய புல்தீதான். அதன்பின் தமிழக அரசு மலையேற்ற விதிகளைக் கொண்டுவந்தது. வேண்டியதுதான். ஆனால் ஒழுங்குக்குள் வந்தது மலையேறுகிறவர்கள் மட்டுமே. புல் அப்படியே இருக்கிறது.

எரிபொருளைக் குறைக்கும் வழியைத் தேடி வெளிநாடு போக வேண்டாம். சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரி ரங்கன் மலையில் சோளகர் பழங்குடியினர் கோடை முற்றுவதற்கு முன்பே, பனி ஈரம் மிச்சமிருக்கும்போது, சருகுக்குத் தீ வைத்துவந்தார்கள். அது தரையோடு தவழ்ந்து அணையும். 1974-இல் அந்த மலை சரணாலயமானது. அந்தத் தீயும் குற்றமானது. 1997-இல் ஆராய்ந்த இடங்களை 2008-இல் மறுபடி ஆராய்ந்தவர்கள், உண்ணிச்செடி பரவிய இடங்கள் ஏறக்குறைய இரட்டிப்பானதைக் கண்டார்கள். தீயைத் தடுத்தது மட்டுமே காரணமா என்ற விவாதம் இருக்கலாம். அந்தப் புதர்தான் இன்று காட்டுத்தீக்குத் தீனி என்பதில் வனத்துறைக்கே சந்தேகமில்லை.

எல்லாக் காட்டுக்கும் இந்தச் சருகுத்தீ பொருந்தாது. சோலைக்காட்டுக்குள் தீ நுழைந்தால் அந்தக் காடு மீண்டுவரத் தலைமுறைகள் ஆகும். அதனால்தான் நாடு முழுமைக்கும் ஒரே விதி உதவாது. சரகவாரியாகத் திட்டம் வேண்டும்.

சட்டம் தடுக்கிறதே என்பார்கள். 1927-ஆம் ஆண்டு வனச் சட்டம் காப்புக்காட்டில் தீ மூட்டுவதைத் தடுக்கும் பிரிவிலேயே, வன அலுவலரின் எழுத்துமூல அனுமதியோடு செய்வதற்கு விலக்கும் தருகிறது. ஒவ்வோர் ஆண்டும் தீத்தடுப்புக் கோடுகளைச் சுத்தப்படுத்தும்போது வனத்துறையே தீ வைக்கத்தான் செய்கிறது. துறை வைத்தால் மேலாண்மை, பழங்குடி வைத்தால் வழக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

உத்தராகண்டில் 2024-இல் காடுகள் எரிந்துகொண்டிருந்தபோது, வனப் பணியாளர்களைத் தேர்தல் வேலைக்கு ஏன் அனுப்பினீர்கள் என்று உச்ச நீதிமன்றம் கேட்டது. ஆள் பற்றாக்குறை எவ்வளவு என்பதற்கு அதுவே சான்று. காட்டுக்குள்ளேயே வாழ்பவர்கள் இருக்க, கோடைக்கு மட்டும் தற்காலிகக் காவலர்களைத் தேடுகிறோம்.

வன உரிமைச் சட்டம் 2006 கிராம சபைக்குக் காட்டைக் காக்கும் அதிகாரத்தைத் தந்திருக்கிறது. தமிழக அரசு சத்தியமங்கலத்தில் ஒரு சரகத்தையாவது எடுத்துக்கொள்ளட்டும். டிசம்பரில் எரிபொருளை அளந்து, கிராம சபையோடு எங்கே, எப்போது சருகுத்தீ வைப்பது என்று முடிவுசெய்து, கூலியும் பொறுப்பும் எழுத்தில் தரட்டும். அடுத்த தீப்பருவத்துக்கு முன் இதைத் தொடங்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை.