கீறலா, பூஞ்சையா?

மாமா இனிமேல் வேண்டாமென்று தூக்கிக் கொடுத்த நிக்கான் டி90 என்னிடம் இருக்கிறது. 2008-ல் வந்த மாடல். கிழம்தான், ஆனால் ஃபோகஸ் மோட்டார் கேமராவுக்குள்ளேயே இருப்பதால் பழைய 50 எம்எம் எஃப்/1.8டி லென்ஸ் அதில் ஆட்டோஃபோகஸோடு வேலை செய்யும். (டி3000, டி5000 வரிசை வைத்திருப்பவர்கள் கையால்தான் திருக வேண்டும், ஏமாந்துடாதீங்க மக்களே.)

டியூஷன் எடுத்துச் சேர்த்த 5,000 ரூபாயோடு இரண்டு வாரமாக அலைகிறேன். இரண்டு சிக்கியது. ஒன்றில் முன்கண்ணாடியில் பளிச்சென்று ஒரு கீறல், 4,500 ரூபாய். இன்னொன்று வெளியே புதுசு மாதிரி, உள்ளே ஓரத்தில் சிலந்தி வலை போல பூஞ்சை, 2,500 ரூபாய். நண்பர்களைக் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் இரண்டாவதுதான். கீறல் விழுந்ததுக்கு எவனாவது 4,500 கொடுப்பானா என்கிறார்கள்.

நான் கொடுப்பேன். முன்கண்ணாடிக் கீறல் பார்க்கத்தான் பயங்கரம். லென்ஸுக்கு அவ்வளவு பக்கத்தில் இருப்பது படத்தில் ஃபோகஸாகவே ஆகாது. சந்தேகமிருந்தால் சின்னக் காகிதத் துண்டை முன்னால் ஒட்டிவிட்டு எடுத்துப் பாருங்கள், தேட வேண்டியிருக்கும். வெயிலுக்கு எதிராக எடுத்தால் கொஞ்சம் வெளிச்சம் சிதறும், அவ்வளவுதான். பின்கண்ணாடியில் கீறல் என்றால் மட்டும் நானும் ஓடிவிடுவேன்.

பூஞ்சை அப்படியில்லை, அது வளரும். சென்னைக் காற்றின் ஈரம் அதற்கு விருந்து. அது சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேல்பூச்சை அரித்துவிட்டால், அப்புறம் சுத்தம் செய்தாலும் தடம் போகாது. கடைக்காரர் "தொடச்சா போயிடும் தம்பி" என்றார். உள்ளே இருப்பதை எப்படி அண்ணே துடைப்பது? பிரித்துத்தான் ஆகவேண்டும். அந்தக் கூலியைச் சேர்த்தால் 2,500 எங்கே போய் நிற்குமோ! இன்றைக்குக் கீறலுக்குக் கழித்த காசு கழித்ததுதான், ஆனால் பூஞ்சைக்கு வருஷா வருஷம் தேய்மானம் எழுதணும் :-)

பிசினஸ் லாவில் மனப்பாடம் செய்த 1930-ம் வருஷ சரக்கு விற்பனைச் சட்டம், 16-வது பிரிவு ஞாபகம் வருகிறதா? வாங்குகிறவன்தான் உஷாராக இருக்கணும். அதற்கு விதிவிலக்குகள் உண்டு. ஆனால் நீங்களே சோதித்துப் பார்த்து வாங்கினால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்கு அங்கேயும் இடமில்லை. பரீட்சைக்குப் படிக்கும்போது தூக்கம் வந்தது, இப்போது தூக்கம் போய்விட்டது.

கீறல் லென்ஸ்காரரிடம் எனக்குப் பிடித்த விஷயம், நான் கேட்குமுன் அவரே கீறலைக் காட்டினார். அதற்காகச் சோதிக்காமல் விடப்போவதில்லை. வளையத்தை 1.8-ல் வைத்து டார்ச் அடித்து உள்ளே பார்க்கணும். அப்புறம் 22-ல் வைத்து, பின்னாலிருக்கும் குட்டி லீவரைத் தள்ளி விட்டால் இதழ்கள் சட்டென்று மூடணும். எண்ணெய் கசிந்து மெதுவாக நகர்ந்தால் படம் வெளுத்துப்போகும்.

ஞாயிற்றுக்கிழமை போகிறேன். 4,000-ல் ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன்.