லைசென்சு கிடைக்க எத்தனை நாள்?

மும்பையில் வேலை பார்க்கும் தமிழர்கள் பலர், டிரைவிங் லைசென்சை ஊரில் எடுப்பதே சுலபம் என்று எண்ணுகிறார்கள். லீவில் திருநெல்வேலிக்கோ விழுப்புரத்துக்கோ போகும்போது கையோடு வாங்கி வந்துவிடலாம் என்பது அவர்கள் கணக்கு. சட்டத்தின் கணக்கு வேறு.

எல்.எல்.ஆர். பெற்று முப்பது நாள் ஆன பிறகே வண்டி ஓட்டிக் காட்டும் டெஸ்டுக்கு வரலாம் என்பது 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதி. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். பதினைந்து நாள் லீவில் போகிறவர் ஒன்று ஒரு மாதச் சம்பளத்தை இழக்க வேண்டும், அல்லது இரண்டு முறை ரயில் ஏற வேண்டும். ஏஜண்டுக்கு வழி திறப்பது இந்த நெருக்கடிதான்.

டில்லியில் 822 பேரை வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2007ல் வெளியாயிற்று. 32 நாளுக்குள் லைசென்சு வாங்கினால் பரிசு என்று ஒரு பிரிவினரிடம் சொன்னார்கள். அவர்களில் பலர் விரைவாகவே வாங்கினர். ஆனால் ஓட்டத் தெரியாமல் வாங்கியவர்களும் அந்தப் பிரிவில்தான் அதிகம். ஆய்வில் லைசென்சு பெற்றவர்களுக்கு ஆன சராசரிச் செலவு, அரசுக் கட்டணத்தைப்போல் சுமார் இரண்டரை மடங்கு. ஏஜண்டு மூலம் போனவர்கள் டெஸ்டுக்குப் போகாமலே தப்ப முடிந்தது.

இன்று மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு மொத்தக் கட்டணம் 700 ரூபாய்தான். மாநிலங்கள் சற்றுக் கூட்டி வாங்கலாம்.

ஊருக்குப் போகத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தப்படி, ஒருவர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் மாநிலத்தில் எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் மனுச் செய்யலாம். தாடதேவ், வடாலா, அந்தேரி, போரிவலி ஆபீசுகள் மும்பையிலேயே உள்ளன. இங்கே வாங்கும் லைசென்சு இந்தியா முழுதும் செல்லும். பலருக்கு முட்டுக்கட்டை, ஆதாரில் ஊர் விலாசம் இருப்பதே. வாடகை ஒப்பந்தத்தைக் காட்டி அதை முன்கூட்டியே மாற்றிக்கொள்வது நல்லது.

வண்டி ஓட்டிப் பிழைக்க நினைப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. சாதாரண கார் லைசென்சு வைத்திருப்பவர் 7,500 கிலோ வரையுள்ள வாடகை வண்டியையும் சரக்கு வண்டியையும் ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சட்ட பெஞ்சு 2024 நவம்பர் 6ந் தேதி தீர்ப்பளித்தது. அபாயகரமான சரக்குக்கு இது பொருந்தாது. கனரக லாரிக்கு, கார் லைசென்சு வாங்கி ஓராண்டு ஆகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை நீடிக்கிறது. ஆட்டோ, டாக்சிக்கு மாநில பேட்ஜ் விதிகளும் உண்டு.

லைசென்சு இல்லாமல் ஓட்டினால் அபராதம் முன்பு 500 ரூபாய். 2019 செப்டம்பர் முதல் 5,000 ரூபாய். கூலி வேலை செய்பவருக்கு இது பல நாள் வருமானம்.

டெஸ்டுக்குத் தேதி கிடைப்பது ஆபீசுக்கு ஆபீசு மாறும். ஆகவே முப்பது நாள் என்பது குறைந்தபட்சக் கணக்கே. எல்.எல்.ஆர். தேர்வை ஆதார் மூலம் வீட்டிலிருந்தே எழுதும் வசதி மகாராஷ்டிரத்தில் 2021ல் வந்துவிட்டது. அதை எழுதிய பின், ஷிப்டு முடிந்த நேரங்களில் முப்பது நாளும் பழகலாம். டெஸ்டு அன்று ஒரு நாள் லீவு போட்டால் போதும்.