பெஞ்சில் இருக்கும் ஏழு பேர்

சென்ற மாதம் கிள்ளானில் 16 வயதுக்குட்பட்டோர் கூடைப்பந்து ஆட்டம் ஒன்று. மூன்றாம் கால்பகுதி முடிந்தபோது 26 புள்ளி முன்னிலை. தொடங்கிய ஐவரே இன்னும் களத்தில். பெஞ்சின் கோடியில் ஒரு பையன், பயிற்றுநர் திரும்பும்போதெல்லாம் காலணிக் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். கடைசி இரண்டு நிமிடத்தில் இறக்கினார்கள். உடம்பு சூடேறவில்லை, வந்த முதல் பந்தே விரலில் பட்டு வெளியே ஓடியது. நாற்பது வினாடியில் மறுபடி பெஞ்ச். பயிற்றுநர் என் பக்கம் திரும்பி, "பார்த்தீங்களா சார், இவனை நம்பி எப்படி இறக்குறது?" என்றார்.

இறக்காததால் தேறவில்லை, தேறாததால் இறக்கவில்லை. இந்தச் செக்குமாட்டுச் சுற்றுக்கு உலகப் பிரசித்தி பெற்ற உதாரணம், அமெரிக்காவின் என்பிஏ லீக்கில் ஆடும் நியூயார்க் நிக்ஸின் முன்னாள் பயிற்றுநர் டாம் திபடோ. திறமைசாலி, மறுப்பதற்கில்லை. இருமுறை என்பிஏயின் சிறந்த பயிற்றுநர். 2000க்குப் பிறகு நிக்ஸை முதன்முறையாகக் கிழக்கு மண்டல இறுதிக்கு அழைத்துச் சென்றவர். ஆனால், 2025 மார்ச்சில் நிக்ஸ் ஆட்டக்காரர் மிக்கல் பிரிட்ஜஸ், தொடக்க ஐவர் ஆடும் நேரத்தைக் குறைப்பது பற்றிப் பயிற்றுநரிடம் பேசியதாகச் சொன்னார். அப்படியொரு பேச்சே நடக்கவில்லை என்றார் திபடோ. யார் சொன்னது சரி என்பதைவிட, ஆட்டக்காரர் தன் நிமிடக் கணக்கைப் பத்திரிகையாளரிடம் பேசும் நிலை வந்ததே எனக்கு உறுத்துகிறது.

அந்த மண்டல இறுதியில் இண்டியானாவிடம் முதல் இரண்டு ஆட்டங்களை இழந்த பிறகுதான் பெஞ்ச் அவர் கண்ணில் பட்டது. மூன்றாம் ஆட்டத்தை, தோசை ஆறிப்போவதுகூடத் தெரியாமல், பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் கைப்பேசியில் பார்த்தேன். அதுவரை பிளேஆஃப் ஆட்டங்களில் பெரும்பாலும் ஓரத்தில் கிடந்த லாண்ட்ரி ஷாமெட்டும் டெலான் ரைட்டும் இறங்கினார்கள். 20 புள்ளி பின்தங்கிய நிக்ஸ் 106-100 என்று வென்றது. தொடரை 4-2 எனத் தோற்றது. ஜூன் 3 அன்று திபடோவின் வேலையும் போனது.

2012இல் திபடோ சிகாகோ அணியின் பயிற்றுநராக இருந்தபோது, 12 புள்ளி முன்னிலையில், ஒன்றரை நிமிடம்கூட மீதமில்லாத ஆட்டத்தில் அந்த அணியின் டெரிக் ரோஸின் முழங்கால் தசைநார் கிழிந்தது. அதிக நிமிடங்கள்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த நேரத்தில் ரோஸ் ஏன் களத்தில் இருந்தார் என்று கேட்கலாம்.

வெளிநாட்டுக் கதை எதற்கு என்பீர்கள். ஆசியான் கூடைப்பந்து லீக்கை 2016இல் வென்றது நம் வெஸ்ட்போர்ட்ஸ் மலேசியா டிராகன்ஸ். கொண்டாடினோம். ஆனால் அந்த அணியில் பெயர் வாங்கிய மேத்யூ ரைட்டும் ஜேசன் பிரிக்மேனும் பிலிப்பினோ வம்சாவளியினர். பணம் கொட்டும் லீக்கில் வெளியிலிருந்து ஆள் கொண்டுவருவது நியாயம்தான், வெற்றிக்குத்தானே சம்பளம். பள்ளி மண்டபத்தில் யாரும் நமக்கு அந்தச் சம்பளம் தருவதில்லை, இருக்கும் பையன்களைத் தேற்றுவதே வேலை.

நாற்பது நிமிட ஆட்டத்தில் ஐந்து இடங்களுக்கு மொத்தம் 200 நிமிடம். பயிற்றுநர்களே, அதைப் பன்னிரண்டு பேருக்குச் சமமாகப் பங்கு போடச் சொல்லவில்லை. அது கல்யாணப் பந்தி அல்ல. யாருக்கு எவ்வளவு, ஏன் என்பதை ஆட்டத்துக்கு முன்பே அவனவன் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். முன்னிலை இருக்கும் இரண்டாம் கால்பகுதியிலேயே பெஞ்சை இறக்குங்கள், தொடர்ந்து ஐந்து நிமிடமாவது.

யார் எவ்வளவு ஆடினான் என்பதற்கு ஸ்கோர்ஷீட்டை நம்பாதீர்கள். மாற்றாக இறங்கியவன் பெயருக்கு நேரே ஓர் எக்ஸ் குறிதான் இருக்கும். நாற்பது வினாடி ஆடியவனுக்கும் இருபது நிமிடம் ஆடியவனுக்கும் அதே எக்ஸ். கிள்ளான் பையனுக்கும் அன்று ஒன்று விழுந்தது. நிமிடக் கணக்கை உங்கள் துணைப் பயிற்றுநர் தனி நோட்டில் எழுதட்டும்.