சாஸ்திரியாரின் முதல் எட்டு மாதங்கள்

புதிதாய் ஆட்சிப் பொறுப்பேற்ற தலைவர் ஒருவரைச் சின்னாட்களுக்குள் நிறுத்துப் பார்த்துத் தீர்ப்புக் கூறிவிடுதல் எக்காலத்தும் பத்திரிகைகளின் வழக்கமாயிருந்து வருகிறது. அத்தீர்ப்பு பிழையென்று யாம் சொல்ல வரவில்லை. எந்தப் படிக்கல்லைக் கொண்டு நிறுக்கிறார்கள் என்பதையே கேட்க விழைகின்றோம். ஸ்ரீ லால்பகதூர் சாஸ்திரியார் 1964-ம் வருடம் ஜூன் 9-ந் தேதி பிரதம மந்திரியானது முதல் 1965 பிப்ரவரி 11-ந் தேதி வானொலியில் பேசியது வரையுள்ள எட்டு மாதங்களை ஆராயுங்கால், அக்காலத்தார் இகழ்ந்த காரியமொன்று பின்னர் நலமாய் விளைந்ததையும், மெச்சிய காரியமொன்று பல்லாயிரவர் வாழ்வைக் குலைத்ததையும் ஒருங்கே காணலாம்.

பதினேழாண்டுகள் நேருவின் குரலைக் கேட்டுப் பழகிய தேசத்திற்கு, குறுகிய உருவமும் தாழ்ந்த குரலுமுடைய அவர் ஒரு தலைவராகவே தோன்றவில்லை. பதவியேற்ற மாதத்திலேயே இருதய நோயும் வந்தது. ஜூலையில் லண்டனில் கூடிய காமன்வெல்த் மாநாட்டிற்கு அவர் செல்லக்கூடவில்லை. தானிய விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. செப்டம்பரில் பாராளுமன்றத்தில் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்து தோற்றது. முடிவு செய்யத் தயங்குபவர் என்பதே எங்கும் பேச்சு.

ஆனால் அவர் செய்த முதல் முடிவே பெரிய முடிவாகும். எவரும் விரும்பி ஏற்காத உணவு, விவசாய இலாகாவை, எஃகு இலாகாவில் திறமை காட்டிய சென்னை இராஜ்யத்தவரான ஸ்ரீ சி. சுப்பிரமணியத்திடம் அவர் ஒப்புவித்தார். ஆலைகளுக்கும் அணைகளுக்கும் முதன்மை தந்து வந்த தேசத்தில், உழுபவனுக்கு நிச்சயமான விலையும் விஞ்ஞானமும் வேண்டுமென்று சுப்பிரமணியம் வாதிட்டபோது, பிரதம மந்திரி அவர் பக்கம் நின்றார். 1965 ஜனவரியில் விவசாய விலைக் குழு அமைந்தது. அம்மாதம் 14-ந் தேதி, பொங்கலன்று, இந்திய உணவுக் கழகம் தொடங்கி, நெல் விளையும் தஞ்சையில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் திறந்தது. அவ்வருடமே மெக்ஸிகோ நாட்டுக் குட்டைரகக் கோதுமை விதை 250 டன்னும், மறுவருடம் 18,000 டன்னும் வந்திறங்கின. 1965-66-ல் மழை பொய்த்து விளைச்சல் 7 கோடியே 20 லட்சம் டன்னாய்க் குறைந்தது. 1967-68-ல் 9 கோடியே 50 லட்சமாய் உயர்ந்தது. அதைக் காணச் சாஸ்திரியார் இல்லை. 1966 ஜனவரி 11-ந் தேதி தாஷ்கண்டில் மறைந்துவிட்டார். விதைத்தவனை அறுவடைக்கு முன்னரே குறை கூறுதல் எளிது.

மொழி விஷயத்திலோ அவர் தவறினார். இதனை மறைத்தல் நேர்மையாகாது. 1965 ஜனவரி 26-ந் தேதி ஹிந்தி ஆட்சிமொழியாகுமென்பது பதினைந்து வருடங்களுக்கு முன்னரே அரசியல் சட்டத்தில் எழுதப்பட்டிருந்தது. 1963-ம் வருடச் சட்டம், ஆங்கிலம் 'தொடரலாம்' என்றதேயன்றித் 'தொடரும்' என்று உறுதி கூறவில்லை. அந்த ஒரு சொல்லில் தென்னாட்டார் கொண்ட ஐயத்தைத் தீர்க்க ஏழு மாத அவகாசமிருந்தும் அவர் வாளாவிருந்தார். கல்லூரி மாணவர்கள் வீதிக்கு வந்தனர். துப்பாக்கிப் பிரயோகத்தில் பலர் மாண்டனர். பிப்ரவரி 11-ந் தேதி சுப்பிரமணியமும் ஸ்ரீ ஓ. வி. அளகேசனும் மந்திரி பதவியை இராஜீனாமாச் செய்ய முற்பட்டனர். அன்றிரவே, நேருவின் வாக்குறுதி காக்கப்படுமென்று சாஸ்திரியார் வானொலியில் தேசத்திற்கு உரைத்தார். தம் நிலையினின்று இறங்கி வந்தது அவருக்கு இழுக்கன்று. இத்தனை உயிர்கள் போன பின்னர் வந்தமையே இழுக்கு. அவ்வுறுதி சட்டமாவதற்கு 1967-ம் வருடத்துத் திருத்தம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவ்விரண்டையும்விட எம்மை உறுத்துவது, அக்காலத்தில் தில்லியில் வெற்றியென்று பேசப்பட்ட மூன்றாவது காரியம். 1964 அக்டோபர் 30-ந் தேதி இலங்கைப் பிரதம மந்திரி ஸ்ரீமதி சிறிமாவோ பண்டாரநாயக்காவுடன் அவர் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாய் உழைத்தும் 1948-ம் வருடச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோர் 9,75,000 பேர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னர் பார்த்துக்கொள்வதென்றும் முடிவாயிற்று. அண்டை நாட்டின் நட்பு தேடியதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மூட்டை மூட்டையாய்த் தேயிலையைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டபோது, அம்மக்களை ஒரு வார்த்தை கேட்டாரில்லை. தோட்டத் தொழிலாளர் தலைவர் தொண்டமான் எதிர்த்தும் பயனில்லை.

மாணவர்க்கு வீதியிருந்தது, அவர்க்காகப் பதவி துறக்க முன்வந்த மந்திரிகள் இருவர் இருந்தனர், பிரதம மந்திரி செவிசாய்த்தார். நாடற்றவரான அத்தொழிலாளர்க்கோ இரு நாட்டிலும் வாக்கில்லை. அவர்கள் பொருட்டு வானொலியில் எவரும் பேசவில்லை. மிகுந்திருந்த 1,50,000 பேரையும் 1974-ல் இரு நாடுகளும் சரிபாதியாய்ப் பிரித்துக்கொண்டன. தாய்நாடென்று பெயரளவில் மட்டும் கேட்டிருந்த இந்நாட்டுக்குக் கப்பலேறி வந்தவர் பலர் நீலகிரியில் மறுபடியும் தேயிலையே பறித்தனர். அங்கே எஞ்சிய நாடற்றோர்க்கு இலங்கை தன் குடியுரிமையைச் சட்டமியற்றி வழங்கியது 2003-ம் வருடத்திலேதான்.